நீர்நாய்களின் சம்பளப் பட்டியல்

1

முதலில் ஒரு மறுப்பு. ஜெர்மனியில் விளையாடுவதற்காக எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கும் என் அத்தான் போன வாரம் எழுதிய கடிதத்தில் சுகம் விசாரித்து, குளிர் விசாரித்து, கடைசி வரியில், "நீர் அங்கே ஏதோ பந்துக் கழகத்தில் சம்பளத்துக்கு விளையாடுகிறீராம், எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை" என்று குறைப்பட்டிருந்தார். இந்தச் செய்தி எந்தப் பாதையால் போனது என்று எனக்குத் தெரியும். ஹம் நகர ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் தமிழ்க் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, கழகத்தின் சம்பள விஷயம் பெரிய தலையிடி என்று ஒருவரிடம் சொன்னேன். கடைக்காரரின் மனைவிக்கு வெள்ளவத்தையில் ஒரு தங்கை இருக்கிறார். மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை.

அத்தானின் கடிதம் வந்த அதே நாள் தபால்பெட்டியில் கழகத்தின் வருடாந்தக் கூட்டத்துக்கான அழைப்பும் கிடந்தது. இந்த நாட்டில் எந்த விளையாட்டும் கோடையில் ஆடப்படுகிறது, குளிர்காலத்தில் கூட்டம் போட்டுப் பேசப்படுகிறது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, போன வருடக் கூட்டத்தை எழுதினால்தான் அத்தானுக்கு விளங்கும் என்று பட்டது. அவருக்கு விளங்காவிட்டாலும் எனக்கு எழுதிவைக்க ஆசை. அந்தக் கூட்டத்தில் என் மகன் ஒரு காரியம் செய்தான்.

2

இது பேஸ்போல் கழகம், பெயர் ஒட்டர்ஸ். ஆங்கிலப் பெயர் வைத்தால்தான் பேஸ்போல் பேஸ்போலாக இருக்கும் என்பது ஜெர்மன்காரரின் எண்ணம். ஒட்டர் என்றால் நீர்நாய். நாற்பது வயதுக்கு மேல் நான் நீர்நாய்களுக்காக ஆடுகிறேன் என்பதை ஊருக்கு எழுதாமல் விட்டதற்கு இது ஒரு காரணம்.

நானும் அருளப்பு அண்ணையும் இந்தக் கழகத்துக்குள் விழுந்தது ஒரு ஏமாற்றத்தால்தான். அவர் மன்னார்க்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கம்பித் தொழிற்சாலையில் எனக்கு அடுத்த இயந்திரத்தில் நிற்பவர். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து லிப்பே ஆற்றோரமாகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். புல்வெளியில் வெள்ளை உடுப்போடு ஆட்கள், கையில் மட்டை, பந்து. அண்ணை பிரேக் பிடித்த வேகத்தில் நான் அவர் மேல் மோதினேன். கிரிக்கெட் என்று நினைத்துவிட்டோம். அகதியாக வந்து அத்தனை வருடத்தில் நான் ஓடி ஒரு வேலியைத் தாண்டியது அன்றைக்குத்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் மட்டை உலக்கை மாதிரி உருண்டையாக இருந்தது. பந்து வீசுகிறவன் ஓடிவராமல் நின்ற இடத்திலேயே நின்று எறிந்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி எறிந்தால் மாஸ்டர் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டிருப்பார்.

அவர்களுக்கு ஆட்கள் குறைவு. எங்களுக்கு விளையாட்டே இல்லை. அப்படிச் சேர்ந்துகொண்டோம். என் முழுப்பெயர் தெய்வேந்திரம் என்பதைக் கேட்டுக் களைத்துப்போய், அன்றே தேயோ என்று வைத்துவிட்டார்கள். அருளப்பு அண்ணை அருள் ஆனார்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி விளக்கம். பந்தை அடித்தவர் மட்டையைப் போட்டுவிட்டு முதல் மூலைக்கு ஓட வேண்டும். அங்கே தரையில் சின்னத் தலையணை மாதிரி ஒன்று கிடக்கும். பந்து அங்கே வந்துசேர முதல் அதைக் காலாலோ கையாலோ தொட்டுவிட்டால் தப்பினோம். அவ்வளவுதான். ஆனால் எங்கள் உடம்பு கிரிக்கெட்டில் வளர்ந்த உடம்பு. மட்டையைக் கையில் பிடித்தபடி ஓடி, அதன் நுனியைக் கோட்டுக்குள் வைத்தால் போதும் என்று சின்ன வயதிலிருந்து கால்களுக்கும் கைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நான் ஒரு கோடைக்குள் அதை மறந்துவிட்டேன். அருளப்பு அண்ணைக்கு இன்றுவரை ஏலாது.

நல்ல அடி அடிப்பார். உலக்கையைத் தூக்கிக்கொண்டு பறப்பார். கடைசியில் முழு நீளத்துக்குச் சரிந்து, மட்டை நுனியைத் தலையணையில் அழுத்தி வைத்துவிட்டு, வென்றவரின் முகத்தோடு நடுவரை நிமிர்ந்து பார்ப்பார். காலோ ஒரு முழம் பின்னால் இருக்கும். பந்தோடு நிற்கும் எதிரணிக்காரன் அவசரமில்லாமல் தலையணையை மிதிப்பான். நடுவர் கையைத் தூக்குவார். அண்ணை ஒவ்வொரு முறையும் புதிதாக ஆச்சரியப்படுவார்.

நான் பக்கத்தில் நின்று, "அண்ணை, மட்டையைப் போடுங்கோ!" என்று கத்துவேன். இரண்டாம் வருடத்தில் முழு அணியும் அதைக் கற்றுக்கொண்டது. ரயில்வே குமாஸ்தாவும் பல் டாக்டரும் பாண் பேக்கரிக்காரனும் ஒன்றுசேர்ந்து யாழ்ப்பாணத் தமிழில், "மட்டையைப் போடுங்கோ" என்று கோரஸாகக் கத்துவதைக் கேட்க எதிரணிக்காரர்கள் தங்கள் பெண்சாதிமாரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

3

ஜெர்மனியில் நாலு பேர் சேர்ந்து எதையாவது விரும்பினால் அது பெராயின், அதாவது பதிவு செய்யப்பட்ட சங்கம். சங்கத்துக்கு யாப்பு என்ற விதித்தொகுப்பு, தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வேண்டும். பொருளாளர் பதவிக்கு யார் முன்வருகிறீர்கள் என்று தலைவர் கேட்டபோது எல்லோரும் குனிந்து தங்கள் பியர்க் கிளாஸைப் பார்த்தார்கள். எனக்கு அந்த வழக்கம் தெரியாததால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து நான் பொருளாளர்.

தலைவர் ஹெர், அதாவது திருவாளர், ஓஸ்தர்மான். ரயில்வேயில் நேர அட்டவணைப் பகுதியில் வேலை. நல்ல மனிதர், ஆனால் யாப்புப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிற நல்ல மனிதர். யாராவது ஒரு கருத்துச் சொன்னால், "அது ஆன்ட்ராக்கா, சும்மா பேச்சா?" என்று கேட்பார். ஆன்ட்ராக் என்றால் எழுத்தில் வைக்கும் கோரிக்கை. இந்த நாட்டில் வீடு கேட்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, அகதி என்று நிரூபிக்க, அணியின் தொப்பியின் நிறத்தை மாற்ற, எல்லாவற்றுக்கும் ஆன்ட்ராக்தான்.

இந்தக் கழகத்தின் சம்பளப் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அருளப்பு. விளையாடுவதற்கல்ல, மைதானத்தைப் பார்த்துக்கொள்வதற்கு. புல் வெட்ட வேண்டும், சுண்ணாம்புக் கோடு போட வேண்டும், மழை பெய்தால் பாய் விரிக்க வேண்டும். பழைய ஆள் விலகியபோது வேறு ஒருவரும் அந்த வேலைக்கு வரவில்லை. ஹம் நகரில் ஒரு பானக்கடைக்காரர் தன் கடைப்பெயரை எங்கள் முதுகில் எழுதுவதற்காகத் தரும் பணத்தில் அந்தச் சின்னச் சம்பளம் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

போன குளிர்காலத்தில் அதற்குப் போட்டி வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஹொலண்டில், யூஸ்ட் என்று ஒரு இளைஞன். இருபது வயது. பந்து எறிந்தால் கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னார்கள். பயணச் செலவும் கைச்செலவும் கொடுத்தால் எங்களுக்கு ஆட வருவான், குளிர்காலத்தில் உள்மண்டபத்தில் இளையவர்களைப் பயிற்றுவிப்பான், அடுத்த வருடம் நாங்கள் மேல் பிரிவுக்குப் போகலாம். கழகத்தின் இளையவர்களுக்கு நித்திரை போய்விட்டது. பானக்கடைக்காரரின் பணமோ ஒருவருக்குத்தான் காணும். யூஸ்டா, அருளப்பா?

இளையவர்கள் ஆன்ட்ராக் எழுதினார்கள். மைதானப் பொறுப்பாளரின் சம்பளத்தை நிறுத்துவது, புல்லை உறுப்பினர்கள் முறைவைத்து வெட்டுவது, பணத்தை எதிர்காலத்துக்குச் செலவிடுவது. அந்த "எதிர்காலம்" என்ற சொல்லின் கீழே கோடும் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து என் மகன் சுதனுடையது. எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள். கடதாசியின் ஓரத்தில் சாம்பார் பட்டிருந்தது.

4

அருளப்பு அண்ணைக்கு அந்தச் சம்பளம் ஏன் வேண்டும் என்பது ஹம் நகரில் எனக்கும் என் மனைவி புவனாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அவருடைய மனைவி ரீட்டா அக்காவும் மகள் அஞ்சலாவும் மன்னாரை விட்டு, முகாமில் இருந்து, பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். குடும்பத்தைக் கூப்பிடுவதற்கான ஆன்ட்ராக் வருடக்கணக்காக ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கேள்வி. வீடு எத்தனை சதுர மீற்றர்? ஜன்னல் எத்தனை? கடைசியாக வந்து நின்றது வருமானத்தில். தொழிற்சாலையில் எங்களுக்கு வேலை நேரத்தைக் குறைத்திருந்தார்கள். அண்ணையின் சம்பளம் அவர்கள் கேட்ட கோட்டுக்குக் கொஞ்சம் கீழே விழுந்துவிட்டது. கழகத்தின் அந்தச் சின்னச் சம்பளத்தைச் சேர்த்தால் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. கழகத்திலிருந்து ஒப்பந்தம் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஆகவே நீர்நாய்கள் யூஸ்டை எடுத்தால் அண்ணையின் மனைவியும் பிள்ளையும் கொழும்பிலேயே இருக்க வேண்டியதுதான். கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்லிவிட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஹெர் ஓஸ்தர்மான் கண் கலங்கி, யாப்பில் அதற்கு ஒரு பிரிவும் கண்டுபிடித்திருப்பார். ஆனால் அண்ணை என்னை வாய் திறக்க விடவில்லை. இயந்திரச் சத்தத்துக்குள் என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னார்:

"தம்பி, அங்க ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். பாவம் பாத்து வச்சிருக்கினம் எண்டால் எனக்குப் பிறகு பந்து பிடிக்கேலாது."

எனக்குக் கோபம் வந்தது. பந்தா பெரிசு, பிள்ளையா பெரிசு என்று கேட்டேன். அவர் கம்பிச் சுருளைத் திருப்பி வைத்தார். அந்த மனிதரிடம் இந்த நாட்டில் சொந்தமாக இருந்தது அந்தச் சனிக்கிழமைகள் மட்டும்தான் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

5

இப்போது சுதனைப் பற்றி. அவனுக்கு அப்போது பதினேழு வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஜெர்மன் மொழியில் பதில் சொல்லுவான். இடியப்பம் சாப்பிடும்போதும் அப்படித்தான். தமிழ்ப் பாடசாலையில் ஆறாம் வகுப்பு வரை படித்தான். அதன் பிறகு சனிக்கிழமைகளைப் பேஸ்போல் எடுத்துக்கொண்டது. அவனை மைதானத்துக்குக் கூட்டிப் போனவன் நான் என்பதைப் புவனா எனக்கு வாரத்துக்கு ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவாள். பள்ளிக்கூடக் கூட்டங்களில் ஆசிரியர் அவனைப் பற்றிச் சொல்வதை எங்களுக்கு மொழிபெயர்ப்பவனும் அவனே. பல வருடங்களாக அவனைப் பற்றி ஒரு குறையும் நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஆன்ட்ராக்கைப் பற்றி அவனோடு மெல்லக் கதைத்துப் பார்த்தேன். அருளப்பு மாமா பாவம், இத்தனை வருடம் கழகத்துக்கு உழைத்தவர் என்றேன். அவன் தொப்பியைக் கழற்றாமலே என்னைப் பார்த்து, இது விளையாட்டுக் கழகம், உதவிப்பணம் கொடுக்கிற அலுவலகம் இல்லை என்று ஜெர்மன் மொழியில் சொன்னான். மாமாவின் முழங்கால் போய்விட்டது, போன கோடையில் எத்தனை முறை தலையணையில் மட்டையை வைத்து ஆட்டமிழந்தார் என்று எண்ணிக் காட்டவும் வந்தான். எனக்கு அவன் மேல் வெறுப்பு மாதிரி ஒன்று வந்து, உடனேயே அதற்காக வெட்கமும் வந்தது. அவன் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த காரணம் அவனுக்குத் தெரியாது, நான் சொல்லவும் ஏலாது.

கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னம் அண்ணைக்கு அலுவலகத்தில் டெர்மின், அதாவது குறித்துக் கொடுத்த நேரம், வந்தது. வழக்கமாக நான்தான் கூடப் போவேன். என் ஜெர்மன் அழகில்லாவிட்டாலும் துணிச்சல் உள்ளது. அன்று பார்த்துத் தொழிற்சாலையில் என்னை மாற்று வேலைக்குப் போட்டுவிட்டார்கள். புவனா யோசிக்கவே இல்லை.

"இஞ்சாருங்கோ, சுதனை அனுப்புவம். அவனுக்குப் பள்ளிக்கூடம் மத்தியானத்தோட முடியுது."

எனக்குப் பயம்தான். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே இந்த வேலை செய்தவர்கள். டாக்டரிடம் தாயின் வயிற்று வலியையும், வீட்டுக்காரரிடம் தகப்பனின் மன்னிப்பையும் மொழிபெயர்த்து வளர்ந்தவர்கள். அதனால் அவர்களுக்கு அந்த வேலையில் ஒரு சலிப்பு உண்டு. சுதனும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனான்.

பின்னேரம் வந்தவன் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டான். என்ன நடந்தது என்று கேட்டேன். "ஒன்றுமில்லை" என்றான், ஜெர்மன் மொழியில். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அண்ணையிடம் அடுத்த நாள் கேட்டபோது, எல்லாம் சரி தம்பி என்றார். ஆனால் அவர் முகம் எல்லாம் சரியான முகமாக இல்லை. கோட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தவரின் முகம்தான் அது.

6

கூட்டம் ஒரு பியர்க்கடையின் பின் அறையில். நீளமான மேசை, சுவரில் ஒரு மான்கொம்பு, ஒவ்வொருவருக்கும் முன்னால் நிகழ்ச்சிநிரல். தலைவரின் அறிக்கை, செயலாளரின் அறிக்கை, என் கணக்கறிக்கை. ஒரு சம்பளம் கொடுக்கலாம், இரண்டு கொடுக்க ஏலாது என்பதை நான் மூன்று விதமாகச் சொன்னேன். ஜெர்மன்காரர் மூன்று விதத்தையும் குறித்துக்கொண்டார்கள். அருளப்பு அண்ணை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

பிறகு இளையவர்களின் ஆன்ட்ராக். பேக்கரிக்காரன் எழுந்து அதை ஆதரித்துப் பேசினான். அருளை எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் அணிக்கு வயதாகிறது, இப்போது இளையவர்களில் முதலிடாவிட்டால் எப்போது என்றான். நியாயமான பேச்சு. பல தலைகள் ஆடின. பல் டாக்டர், இந்தக் கழகத்தில் கையுறை போடாமல் வெறுங்கையால் பந்து பிடிக்கிற ஒரே மனிதர் அவர், பந்து நழுவினால் பல்லுக்குத்தான் வரும், தனக்கு அதில் தொழில்ரீதியாகவும் அக்கறை உண்டு என்று சொல்ல, கொஞ்சம் சிரிப்பு. ஆனால் வாக்கு எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துவிட்டது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் வாக்கு உண்டு. இளையவர்கள் மேசையின் ஒரு முழுப் பக்கத்தை நிரப்பியிருந்தார்கள்.

ஹெர் ஓஸ்தர்மான் யாப்பைப் பார்த்துவிட்டு, முதல் கையெழுத்துப் போட்டவர் தன் ஆன்ட்ராக்கை விளக்கலாம் என்றார். சுதன் எழுந்தான். தொப்பியைக் கழற்றினான். அதை வீட்டில்கூட அவன் கழற்றுவதில்லை.

ஆன்ட்ராக்கைத் திரும்பப் பெறுகிறோம் என்றான்.

அவனுடைய நண்பர்கள் ஒருவரும் நிமிரவில்லை. அவர்களோடு முதலே கதைத்து முடித்துவிட்டான் என்று தெரிந்தது. அவர்களுக்குச் சந்தோஷமில்லை என்பதும் தெரிந்தது. ஹெர் ஓஸ்தர்மான் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பப் பெறலாம், ஆனால் கூட்டக் குறிப்பில் எழுதக் காரணம் வேண்டும் என்றார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் சுதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மெல்ல, இல்லை, வேண்டாம் என்று ஆட்டினார்.

சுதன் கொஞ்ச நேரம் மான்கொம்பைப் பார்த்தான். பிறகு, அருள் இன்னும் ஒழுங்காக மூலையைத் தொடக் கற்றுக்கொள்ளவில்லை, கற்றுக்கொள்ளாத ஒருவரைப் பாதியில் அனுப்புவது விளையாட்டு முறையல்ல, அவருக்கு இன்னும் அவகாசம் கொடுக்க வேண்டும் என்றான்.

அறை முழுக்கச் சிரிப்பு. பேக்கரிக்காரன் மேசையில் அடித்துச் சிரித்தான். எங்கோ ஒரு மூலையில் யாரோ "மட்டையைப் போடுங்கோ" என்று தொடங்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஹெர் ஓஸ்தர்மான் மட்டும் சிரிக்காமல் காரணத்தை அப்படியே எழுதினார். எழுதிவிட்டு, அவகாசம் எவ்வளவு என்று கேட்டார். கூட்டக் குறிப்பில் "இன்னும்" என்று மட்டும் எழுத முடியாதாம்.

"இரண்டு சீசன்," என்றான் சுதன். "எழுத்தில் ஒப்பந்தம். ஒரு சீசன் காணாது, அவர் மெல்லக் கற்பவர்."

யாப்பு புரட்டப்பட்டது. தடையில்லை. கைகள் உயர்ந்தன. இளையவர்களின் பக்கத்தில் கைகள் கொஞ்சம் தாமதமாக உயர்ந்தாலும் உயர்ந்தன. அருளப்பு அண்ணை தனக்கு வாக்குப் போடக் கூடாது என்பதால் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தார்.

7

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஏன் இரண்டு சீசன்? அண்ணை ஒரு வருட ஒப்பந்தம் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். சுதனிடம் கேட்டேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த அதிகாரிப் பெண் அன்று இரண்டு வருட ஒப்பந்தம் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். மாமா அதைக் கேட்டதும் நன்றி சொல்லி எழுந்துவிட்டாராம், ஒரு வருடமே கிடைக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும்தானே.

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். மொழிபெயர்க்கிறவன் வெளியில் வந்து கதைக்கக் கூடாது, மாமாவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் என்றான். ரயில் பாதைக்குக் கீழே போகும் சுரங்க வழியில் அவனாகவே மிச்சத்தைச் சொன்னான்.

அந்தப் பெண் அஞ்சலாவின் படம் கேட்டாராம். மாமா பணப்பைக்குள் இருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் சின்னப் பிள்ளை. புதிய படம் இல்லையா, இப்போது எவ்வளவு பெரியவள் என்று அவர் கேட்டார். மாமா எழுந்து நின்று, கையை மேசை உயரத்துக்கு வைத்துக் காட்டினார். மாமா அவளைக் கடைசியாகப் பார்த்த உயரம். அந்தப் பெண் பேனையோடு சுதனைப் பார்த்தார், மொழிபெயர்ப்புக்காக.

"அதற்கு நான் என்ன சொல்ல?" என்று சுதன் என்னிடம் ஜெர்மன் மொழியில் கேட்டான். அவன் தோளில் கை போட்டேன். பதினேழு வயதுக்காரன், அந்தச் சுரங்க வழி முடியும் வரைக்கும் கையை இருக்க விட்டான்.

8

எதிர்காலத்தை விற்றுப் பழையதை வைத்துக்கொண்ட அணிக்கு என்ன நடக்குமோ அது எங்களுக்கு நடந்தது. யூஸ்டைப் பக்கத்து ஊர்க் கழகம் எடுத்துக்கொண்டது. வைகாசியில் அவன் எங்களுக்கு எதிராக எறிந்தான். பந்து கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னது பொய்யில்லை; நான் மூன்று முறையும் சத்தத்தை மட்டும்தான் கேட்டேன். சுதனும் ஒன்றையும் தொடவில்லை. வீட்டுக்கு வந்ததும் புவனா ஆட்டம் எப்படி என்று கேட்க, யூஸ்ட் நன்றாக எறிந்தான் என்று மட்டும் சொன்னான். அந்தக் கோடை முழுதும் அவன் நண்பர்கள் இருவர் அவனோடு அரைகுறையாகத்தான் கதைத்தார்கள். மேல் பிரிவைப் பற்றி இப்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. அருளப்பு அண்ணை மூலையைத் தொடுவதில் ஒரு முன்னேற்றமும் இல்லை.

ஆகவே அத்தான், நீர்நாய்களின் சம்பளப் பட்டியலில் இன்னமும் ஒரே ஒரு பெயர்தான், அது என்னுடையது இல்லை. இந்த வருட அழைப்பில் அந்தப் பதவியைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு சீசன் மிச்சமிருக்கிறது. கடைக்காரரின் மனைவியிடம் இதைச் சொன்னால் அவருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

இனி ஐப்பசியில் நடந்தது. ரீட்டா அக்காவுக்கும் அஞ்சலாவுக்கும் விசா கிடைத்து, ட்யூசல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு வந்தார்கள். கழகத்தின் வான் வண்டியை ஹெர் ஓஸ்தர்மான் கொடுத்தார். ஆன்ட்ராக் இல்லாமல் கொடுத்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நானும் புவனாவும் சுதனும் அண்ணையோடு போனோம். வெளியில் மழை. அண்ணை அதே பூசைக் கோட்டோடு, கையில் சுருட்டிய நீளக் குடையோடு, கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றார். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு அடி முன்னுக்குப் போவார், மூடும்போது ஒரு அடி பின்னுக்கு வருவார்.

ரீட்டா அக்காவுக்கு முன்னால், பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு, தடித்த ஸ்வெட்டர் போட்ட ஒரு பிள்ளை வந்தாள். இரட்டைப் பின்னல். அண்ணையின் தோள் உயரம் இருப்பாள்.

அவர் ஓடினார். அந்த முழங்காலோடு, சனங்களுக்கு நடுவால், குடையை முன்னுக்கு நீட்டிப் பிடித்தபடி ஓடினார். பிள்ளைக்கு ஒரு முழம் இப்பால் வந்து, குடை நுனியை அவள் சப்பாத்துக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றி, அப்படியே நின்றுவிட்டார். அதற்கு மேலே என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. இடது கை தானாகப் போய் மேசை உயரத்தில் நின்றது. பிள்ளை அந்தக் கையைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், பிறகு பின்னால் வந்த தாயைத் திரும்பிப் பார்த்தாள். இது ஆர் என்று கேட்கப்போகிறாளோ என்று எனக்குப் பயம் வந்தது.

எங்கள் பக்கத்தில் நின்ற சுதன் இரண்டடி முன்னால் போனான். கத்தவில்லை. அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தமிழில் சொன்னான்:

"மட்டையைப் போடுங்கோ மாமா. கையால தொடோணும்."

அண்ணை குடையைக் கீழே போட்டார்.

திரும்பி வரும்போது அதை எடுத்துவந்தவன் சுதன். வான் வண்டிக்குப் போகும் வரைக்கும் மழையில் நனைந்துகொண்டு, குடையை விரிக்காமல், கையிலேயே கொண்டு வந்தான்.